குனிசதா காலத்து கபுகி நடிகர் அச்சு: பெயர் போடாத நடிகரை அடையாளம் காண்பது எப்படி?

ஏடுபுரட்டி (கேள்வி)

வணக்கம். ஜப்பானிய மரக்கட்டை அச்சு ஒன்றை அடையாளம் காண உதவி வேண்டும். கபுகி என்ற ஜப்பானிய மரபு நாடகத்தின் நடிகர் படம், அதாவது யகுஷா-எ, என்பது வரை தெரிகிறது. நடிகர் யார், எந்த ஆண்டு, பழைய அச்சா பிற்காலப் பிரதியா என்பதில்தான் தடுமாற்றம்.

உயரம் 36 செ.மீ., அகலம் 24.5 செ.மீ. ஓரங்களை யாரோ வெட்டியிருக்கிறார்கள். இடுப்புக்கு மேல் ஓர் ஆண் உருவம். முகம் நீளம், மூக்கு எடுப்பு, கண்மணி இரண்டும் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. பின்னால் சாலை, மரங்கள், மலை. வலது மேல்புறம் தலைப்புக் கட்டம், அதை ஒட்டி இன்னொரு சிறிய கட்டத்தில் சில எழுத்துகள். இடது கீழ்ப்புறம் சிவப்புச் சட்டத்துக்குள் 'தோயோகுனி' என்ற கையெழுத்து. அதன் அருகே இரண்டு சின்ன வட்ட முத்திரை, ஒரு நீள்வட்ட முத்திரை. நீள்வட்டத்துக்குள் ஓர் எழுத்தும் அதன் கீழே மூன்று படுக்கைக் கோடுகளும் இருக்கின்றன. கை உட்புறத் துணியில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரங்கள்.

என் கேள்விகள்: முத்திரைகளை வைத்து ஆண்டைச் சொல்ல முடியுமா? மூன்று சதுரம் இச்சிகாவா டான்ஜூரோவின் சின்னம் என்று படித்தேன். அப்படியானால் எத்தனையாவது டான்ஜூரோ? மறு அச்சு இல்லை என்று எப்படி உறுதி செய்வது? மேல் மூலைகள் இரண்டிலும் பழைய அட்டைத் துண்டு ஒட்டியிருக்கிறது, எடுக்கலாமா?

---

முத்திரைநாடி

முகத்தை விட்டுவிட்டு முத்திரையில் ஆரம்பியுங்கள். நடிகர் அச்சில் ஆண்டுதான் முதல் கதவு. அது திறந்தால்தான் மற்றவை திறக்கும்.

எடோவில் (இன்றைய தோக்கியோ) அச்சிடும் முன் ஓவியத்தைத் தணிக்கைக்குக் கொடுத்து ஒப்புதல் முத்திரை வாங்க வேண்டும். அந்த முத்திரையையும் கட்டையிலேயே செதுக்கிவிடுவார்கள். முத்திரையின் அமைப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறியது. நமக்கு உதவுவது அந்த மாற்றம்தான். 1790களின் தொடக்கத்திலிருந்து 1842 வரை 'கிவமே' என்ற ஒற்றை வட்ட முத்திரை. 1843 முதல் 1846 வரை நனுஷி எனப்படும் வட்டாரத் தலைவர் ஒருவரின் பெயர் முத்திரை. 1847 முதல் 1852இன் தொடக்கம் வரை நனுஷி இருவரின் முத்திரை. 1852இன் தொடக்கத்திலிருந்து 1853இன் இறுதி வரை அந்த இரண்டோடு நீள்வட்டத் தேதி முத்திரையும் சேர்ந்தது. பிறகு 1857 வரை 'அரதமே' முத்திரையும் தேதி முத்திரையும் தனித்தனியாக. 1858இல் தேதி மட்டும். 1859 முதல் இரண்டும் ஒரே வட்டத்துக்குள்.

உங்களிடம் இருப்பது இரண்டு நனுஷி, ஒரு தேதி. அப்படிச் சேர்ந்து வந்த காலம் இரண்டு ஆண்டுக்கும் குறைவு. ஜப்பானில் ஆண்டுகள் பன்னிரண்டு விலங்குகளின் பெயரில் சுழலும்; அதற்குள் இரண்டே விலங்கு ஆண்டுகள்தான் வரும்: 1852 எலி, 1853 எருது. எலிக்கான எழுத்து, கையை விரித்து நிற்கும் குழந்தை மாதிரி இருக்கும்: வளைந்த தலை, குறுக்கே ஒரு கோடு, கீழே கொக்கியாக வளையும் ஒற்றைக் கால். எருதுக்கான எழுத்தில் குறுக்குக் கோடுகள் கூடுதல், அடியில் நேர்க்கோடு. மூன்று படுக்கைக் கோடு என்றால் மூன்றாம் மாதம்.

பலர் சறுக்கும் இடங்கள் இரண்டு. விலங்கு 12 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். 1864உம் எலி ஆண்டுதான். ஆனால் அப்போது நனுஷி முத்திரை கிடையாது. விலங்கை மட்டும் பார்த்து ஆண்டு சொன்னால் 12 ஆண்டு தவறிவிடும். அடுத்தது, இவை பழைய சந்திர நாட்காட்டியின் மாதங்கள். நம் நாட்காட்டியோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஒரு மாதம் பின்னால் வரும். எலி ஆண்டின் 12ஆம் மாதம் 1853 ஜனவரியில்தான் தொடங்குகிறது. மாத எண்ணுக்கு மேல் வாசல் நிலை போன்ற சட்டம் கொண்ட ஓர் எழுத்து இருந்தால் அது மிகை மாதம். 1852இல் இரண்டாம் மாதத்துக்குப் பின் அப்படி ஒன்று வந்தது.

கையெழுத்து பற்றியும் ஒரு வார்த்தை. 'தோயோகுனி' என்று கையெழுத்திட்டவர்கள் மூவர். முதலாம் தோயோகுனி 1825இல் இறந்தார். அவருடைய மாணவர் தோயோஷிகே அதன்பின் சுமார் பத்தாண்டு அப்பெயரில் வரைந்தார். 1844இல் ஓவியர் குனிசதா அதை ஏற்று, 1865 ஜனவரியில் இறக்கும் வரை வைத்துக்கொண்டார். நனுஷி முத்திரையோடு தோயோகுனி கையெழுத்து இருந்தால் அது குனிசதாதான், வேறு யோசனையே வேண்டாம். சிவப்புச் சட்டத்தின் முனையில் வளையம் போன்ற வடிவம் இருக்கிறதா பாருங்கள். அது இவர்கள் சேர்ந்த உதகவா ஓவிய மரபின் 'தொஷிதமா' சின்னம். தன் பெயரை அந்தச் சட்டத்துக்குள் போடுவது அவர் தோயோகுனி ஆன பிறகு வந்த வழக்கம்.

ஆகவே உங்கள் அச்சு குனிசதா வரைந்தது, 1852 மூன்றாம் மாதம். அந்த ஆண்டு அவர் எடோவையும் கியோத்தோவையும் இணைத்த தோகைதோ நெடுஞ்சாலையின் ஊர்களை வைத்து ஒரு பெரிய நடிகர் தொடர் வரைந்தார். ஓர் ஊருக்கு ஒரு நடிகர், அரை உருவம், பின்னால் அந்த ஊரின் நிலக்காட்சி. பல காட்சிகள் நிலக்காட்சி ஓவியர் ஹிரோஷிகே வரைந்தவற்றை ஒட்டியவை. நீங்கள் சொல்லும் அமைப்பு அதோடு அப்படியே பொருந்துகிறது.

---

மூன்றாம்மணி

மேலே சொன்ன தேதி சரி. நடிகர் விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் ஏன் பெயர் இல்லை? 1842இல் அரசின் தெம்போ சீர்திருத்தம் நடிகர் படங்களையும் கணிகையர் படங்களையும் தடை செய்தது. 1840களின் பிற்பகுதியில் நடிகர்கள் மெல்ல மெல்ல அச்சில் திரும்பி வந்தார்கள், ஆனால் பெயர் போடாமல். பாத்திரத்தின் பெயர் மட்டும் கட்டத்தில் இருக்கும். முகத்தைப் பார்த்ததும் வாங்குபவருக்கு ஆள் தெரிந்துவிடும் என்பது பதிப்பாளரின் கணக்கு. நடிகர் பெயரை வெளிப்படையாக அச்சிடுவது 1860 வாக்கில்தான் மறுபடி பரவலாகிறது. உங்கள் சிறிய கட்டத்தில் இருப்பது பாத்திரப் பெயராகத்தான் இருக்க வேண்டும்.

இனி சதுரங்கள். மூன்று சதுரம், 'மிமசு', இச்சிகாவா குடும்பத்தின் சின்னம். அரிசி அளக்கும் மூன்று மரப்படிகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து மேலிருந்து பார்த்த தோற்றம் அது. கபுகியில் பெயர் பரம்பரையாக இறங்கும். அச்சில் எத்தனையாவது என்ற எண் இருக்காது. அதனால் ஆண்டை வைத்து, அப்போது அந்தப் பெயர் யாரிடம் இருந்தது என்று பார்க்க வேண்டும். 1800 முதல் 1832 வரை டான்ஜூரோ என்றால் ஏழாமவர். 1832இல் அவர் பெயரை மகனுக்குக் கொடுத்துவிட்டு எபிசோ ஆனார். 1832 முதல் 1854 வரை எட்டாமவர். 1854க்கும் 1874க்கும் இடையே டான்ஜூரோ என்று எவரும் இல்லை. 1874 முதல் 1903 வரை ஒன்பதாமவர். இந்த நான்கு வரி கையில் இருந்தால் டான்ஜூரோ அச்சுகளில் பெரும்பாலானவற்றைப் பிரித்துவிடலாம்.

1852 என்பதால் எட்டாமவர் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். ஆடம்பரத்துக்காக 1842இல் எடோவிலிருந்து வெளியேற்றப்பட்ட தந்தை, மன்னிப்புக் கிடைத்து 1850இல் திரும்பிவிட்டார். அவரும் அதே மிமசுவைத்தான் அணிவார். சீடர்களும் சிறு மாற்றங்களோடு பயன்படுத்துவார்கள். இங்கேதான் முகம் வேலைக்கு வருகிறது. தந்தைக்கு அகன்று பிதுங்கிய பெரிய கண்கள். மகன் எட்டாமவருக்கு நீண்ட, ஒடுங்கிய முகம், மெல்லிய தாடை. 1823இல் பிறந்தவர், இந்த அச்சு வந்தபோது முப்பதை எட்டவில்லை. நீங்கள் தரும் வர்ணனை மகனையே காட்டுகிறது.

கண்மணி உள்ளே சாய்ந்திருப்பதைச் செதுக்குபவரின் பிழை என்று நினைத்துவிட வேண்டாம். நாடகத்தின் உச்சத்தில் நடிகர் உறைந்து நிற்கும் நிலை 'மியே'. அப்போது கண்ணை அப்படித் திருப்புவது வழக்கம், அதுவும் இச்சிகாவா வழியில் அது தனிச்சிறப்பு.

---

கோட்டுக்கட்டை

மூன்றாம்மணி சொன்னதோடு ஒரு முக்கியமான எச்சரிக்கை. உடையில் தெரியும் எல்லாச் சின்னமும் நடிகருடையது அல்ல. சில சின்னங்கள் பாத்திரத்துக்கு உரியவை. சோகா சகோதரர் நாடகங்களில் தம்பி கோரோவின் உடையில் வண்ணத்துப்பூச்சி, அண்ணன் ஜூரோவின் உடையில் பறக்கும் உப்புக்கொத்திப் பறவைகள். யார் நடித்தாலும் அப்படித்தான். 47 ரோனின் (தலைவனை இழந்த சாமுராய்கள்) நாடகத்தில் அவர்களின் தலைவர் ஓபோஷி யுரானொசுகே வந்தால் இரட்டைச் சுழி. இவற்றை நடிகரின் குடும்பச் சின்னமாக எடுத்துக்கொண்டால் தேடல் தவறான வீட்டில் போய் நிற்கும். நடிகரின் சின்னம் பெரும்பாலும் ஒதுங்கிய இடத்தில் இருக்கும்: விசிறி, கொண்டை ஊசி, தலைத்துணி, கச்சையின் நெசவு, வாளின் கைக்காப்பு, கை உட்புறம். கேள்வியில் சொன்ன சதுரங்கள் கை உட்புறத்தில் இருப்பதால் அது நடிகருடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மற்ற குடும்பங்களையும் தெரிந்துகொண்டால் நல்லது. செகவா கிகுனோஜோவுக்குக் கட்டிய பட்டுப்பஞ்சு. இவாய் ஹன்ஷிரோவுக்கு வட்டத்துக்குள் மூன்று விசிறி. பந்தோ மிட்சுகோரோவுக்கு ஒரே எழுத்து மூன்று முறை. மட்சுமொதோ கோஷிரோவுக்கு நான்கு பூ-வைரம். ஒனோயே கிகுகோரோவுக்கு விசிறியும் ஓக் இலையும். இவற்றோடு துணி வடிவங்களும் துப்புக் கொடுக்கும். அரிவாள், வளையம், ஓர் எழுத்து என்று மூன்றும் வரிசையாக வந்தால் அது ஏழாம் டான்ஜூரோ பிரபலமாக்கிய 'கமவானு'. கோடரி, கோதோ வாத்தியம், செவ்வந்தி சேர்ந்து வந்தால் கிகுகோரோ.

முகத்தைக் கடைசியில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1760களுக்கு முன்பு, தொரீ மரபின் அச்சுகளில், முகச்சாயல் என்பதே கிடையாது. சுரைக்காய் போலத் திரண்ட கால்களும் தடித்து மெலியும் கோடும்தான் எல்லா நடிகருக்கும். சாயலை உண்மையாக வரையத் தொடங்கியவர்கள் கட்சுகவா ஷுன்ஷோவும் இப்பிட்சுசாய் புன்சோவும். 1794இல் ஷராகு அதை எல்லை வரை கொண்டுபோனார். சுருக்கத்தையும் தொங்கும் தாடையையும், பெண் வேடத்துக்குள் தெரியும் ஆண் முகத்தையும் அவர் மறைக்கவில்லை. பத்தே மாதத்தில் அவருடைய பணி நின்றுவிட்டது. உதகவா மரபோ சாயலை ஒரு சூத்திரமாக்கியது. 1817இல் முதலாம் தோயோகுனி நடிகர் முகம் வரைவதற்கென்றே பயிற்சி நூல் வெளியிட்டார். ஒருவருக்கு ஒரு மூக்கு, ஒரு புருவம் என்று வரையறுத்துவிட்டதால் நடிகருக்கு வயதானாலும் அச்சில் முகம் பெரிதாக மாறாது. ஐந்தாம் கோஷிரோவின் கழுகு மூக்கும் ஐந்தாம் ஹன்ஷிரோவின் பெரிய கண்ணும் போல ஒரு சிலரைத்தான் முகத்தை மட்டும் வைத்துத் துணிந்து சொல்லலாம். மற்றவர்களுக்கு ஆண்டு, சின்னம், பிறகு முகம் என்ற வரிசைதான் நம்பகமானது.

---

ஏடுபுரட்டி

மிக்க நன்றி. நீள்வட்டத்தில் இருப்பது எலிதான், கொக்கிக் கால் தெளிவாகத் தெரிகிறது. சட்டத்தின் முனையில் வளையமும் இருக்கிறது.

சிறிய கட்டத்தின் பெயரைப் படிக்க வைத்து, 1852இல் எட்டாம் டான்ஜூரோ அந்தப் பாத்திரத்தில் நடித்தாரா என்று தேடினேன். அப்படி ஒரு நாடகம் அந்த ஆண்டு எங்குமே இல்லை. அடையாளம் தவறா?

---

மூன்றாம்மணி

தவறாக இருக்க வேண்டியதில்லை. நடிகர் அச்சுகள் எல்லாம் மேடையில் நடந்ததைக் காட்டுபவை அல்ல. 'மிதாதே' என்று ஒரு வகை உண்டு: இந்தப் பாத்திரத்துக்கு இந்த நடிகர் பொருந்துவார் என்று ஓவியரும் பதிப்பாளரும் தாங்களே கற்பனையில் அமைத்தது. தோகைதோ தொடரில் இது நிறைய. ஊரின் பெயரோடு தொடர்புள்ள ஒரு கதாபாத்திரத்தைத் தேர்ந்து, அதற்கு ஏற்ற ஒரு நடிகரை உட்கார வைப்பார்கள். 1860களின் தொடக்கத்தில் குனிசதா வரைந்த பெரிய தலை உருவத் தொடரில் எப்போதோ இறந்துபோன நடிகர்களும் இருக்கிறார்கள். அதனால் நாடகப் பதிவில் இல்லை என்பது ஆளைத் தவறாகச் சொன்னதற்குச் சான்றாகாது.

மேடையில் நடந்ததா கற்பனையா என்பதை ஓரளவு ஊகிக்க முடியும். நாடகம் நடக்கும்போதே விற்க வேண்டிய அச்சுகள் அந்தந்த மாதத்தை ஒட்டி வரும். மூன்று தாளாக, இரண்டு மூன்று நடிகர்கள் ஒரே காட்சியில் இருப்பார்கள். 1853 மூன்றாம் மாதம் நகமுரா-சா அரங்கில் எட்டாம் டான்ஜூரோ முதன்முதலாக 'வெட்டுப்பட்ட யோசாபுரோ'வாக நடித்தார். அந்தப் பாத்திரத்தில் அவரைக் காட்டும் 1853 வசந்தகாலத்து அச்சுகளை அந்த நாடகத்தோடு நேராக இணைத்துவிடலாம். எண்ணிட்ட தொடர், ஊர்கள், கவிஞர்கள், மாதங்கள் என்று ஒரு கருப்பொருளைச் சுற்றி வந்தால் மிதாதே என்று முதலில் சந்தேகியுங்கள்.

தேடுவதற்கு: தோக்கியோவில் வசேதா பல்கலைக்கழகத்தின் நாடக அருங்காட்சியகத்தில் 40,000க்கும் மேற்பட்ட அச்சுகள் உள்ளன, தரவுத்தளம் எல்லோருக்கும் திறந்தது. ரிட்சுமெய்கான் பல்கலைக்கழகத்தின் தரவுத்தளமும் நன்று. இரண்டிலும் ஜப்பானிய எழுத்தில் தேடினால்தான் முழுப் பலன். எழுத்து வராதென்றால் உகியோ-எ டாட் ஆர்க் தளத்தில் படத்தையே பதிவேற்றித் தேடுங்கள். அதே அச்சின் வேறு பிரதிகள் பல அருங்காட்சியகங்களிலிருந்து வரிசையாக வரும். பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்பிடுவது அசலா மறு அச்சா என்ற கேள்விக்கும் பயன்படும்.

இன்னொன்று. உங்கள் அச்சு 1852 என்பதால் இந்தக் குழப்பம் வராது, ஆனால் எட்டாம் டான்ஜூரோவைத் தேடும்போது 'ஷினி-எ' நிறைய எதிர்ப்படும். 1854இல் ஓசகாவில் அவர் தற்கொலை செய்துகொண்டார். ரசிகர்களின் துக்கத்துக்கு ஈடுகொடுக்க நினைவு அச்சுகள் வந்து குவிந்தன. வெளிர்நீல உடை, கையில் ஜெபமாலை, இறந்த நாள், மரணத்துக்குப் பின் இட்ட பெயர், கல்லறை உள்ள கோயில் என்ற விவரங்கள் அவற்றில் இருக்கும். அவசரமாக அச்சிட்டவை, பலவற்றில் ஓவியர் கையெழுத்தோ தணிக்கை முத்திரையோ கிடையாது. முத்திரை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவற்றைப் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

---

சாயக்கிண்ணம்

அசலா என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

10 மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கியை முகத்தின் மேல் வையுங்கள். ஒரே அளவான புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது இயந்திர அச்சு, அங்கேயே முடிந்தது. கட்டையில் அச்சிட்டதில் நிறம் நாருக்குள் இறங்கிச் சீராகப் பரவியிருக்கும். பெரிய வண்ணப் பரப்பில் மரத்தின் ரேகை சில இடங்களில் எட்டிப் பார்க்கும். தாளைத் திருப்பிப் பாருங்கள். 'பரென்' என்ற தட்டையான தேய்ப்பானால் பின்புறத்தை அழுத்தித் தேய்த்துத்தான் அச்சிடுவார்கள். அந்தத் தேய்ப்பின் வளைவுத் தடங்களும், பின்பக்கம் வரை ஊறி வந்த நிறமும் தெரிய வேண்டும். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கோசோ என்ற மரப்பட்டையின் நார்களும், தாள் வார்த்த சட்டத்தின் நெருக்கமான கோடுகளும் தெரியும்.

ஆனால் இவையெல்லாம் கட்டையால் அச்சிட்டது என்பதைத்தான் காட்டும், 1852இல் அச்சிட்டது என்பதைக் காட்டாது. பழைய படத்தை வைத்துப் புதுக் கட்டை செதுக்கி, கையாலேயே அச்சிட்ட பிரதிகள் மெய்ஜி காலத்திலிருந்து (1868–1912) வந்துகொண்டே இருக்கின்றன. அவை ஏமாற்று வேலை அல்ல. பலவற்றில் ஓரத்தில் பதிப்பாளர் பெயரும் இருக்கும். ஓரத்தை வெட்டி எடுத்த பிறகு விற்கும்போதுதான் சிக்கல். உங்கள் தாளில் ஓரம் இல்லாததால் கவனம் கூடுதலாகத் தேவை. 'ஓபான்' தாளின் வழக்கமான அளவு ஏறத்தாழ 38க்கு 26 செ.மீ. உங்களுடையது ஒவ்வொரு பக்கத்திலும் சிறிது குறைகிறது. பழைய அச்சுகளைத் தொகுப்பேட்டில் ஒட்டும்போது ஓரத்தை வெட்டுவது எடோ காலத்திலேயே சாதாரணம். அதனால் வெட்டியிருப்பதே குற்றமாகாது. ஒரு பக்க ஓரத்தில் தையல் துளைகள் வரிசையாக இருந்தால் அது தொகுப்பேட்டில் இருந்ததற்கான நல்ல சான்று.

பிரதியைக் காட்டிக்கொடுப்பது கோடுதான், குறிப்பாக நெற்றியோரத்து முடி. அங்கே மயிரிழைகளைச் செதுக்குவது பட்டறையின் மூத்த செதுக்குநருக்கு உரிய வேலை. முதல் அச்சுகளில் ஒவ்வோர் இழையும் தனித்து நின்று கூர்மையாக முடியும். கட்டை தேயத் தேய இழைகள் ஒட்டிக்கொள்ளும், சட்டக் கோட்டின் மூலைகளில் உடைவு வரும். புதிதாகச் செதுக்கிய பிரதியில் கோடு உடையாது, ஆனால் ஓட்டம் இருக்காது. வளைவில் தயக்கம் தெரியும், கையெழுத்தும் முத்திரையும் வரைந்து வைத்ததுபோல இருக்கும். அருங்காட்சியகப் பிரதி ஒன்றை எடுத்து, முத்திரைக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளி, ஒரு புருவக் கோடு தொடங்கும் புள்ளி, துணி மடிப்பு சந்திக்கும் கோணம் என்று சிறு இடங்களை ஒப்பிடுங்கள். ஒரே கட்டை என்றால் இவை மாறவே மாறாது. நிறங்கள் மாறலாம், பதிப்பாளர் அடுத்த சுற்றில் வானத்தின் நிறச்சாய்வை விட்டுவிடுவதும், ஒரு வண்ணக்கட்டையைக் குறைப்பதும் சகஜம். கோடுகளை அச்சிடும் கட்டை, அதாவது கோட்டுக்கட்டை, மாறினால் அது வேறு பொருள்.

அடுத்து நிறம். எடோவில் பிரஷ்யன் நீலம் 1830ஐ ஒட்டித்தான் பரவலானது. 1825இல் இறந்த முதலாம் தோயோகுனியின் அச்சில் அடர்ந்த பிரஷ்யன் நீலச் சாய்வு இருந்தால் நின்று யோசிக்க வேண்டும். 1852க்கு அது இயல்பு. உங்கள் நீலம் நன்றாக நிற்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். மாறாக, கண்ணைப் பறிக்கும் கத்தரிப்பூ நிறமோ இளஞ்சிவப்போ இருந்தால் அது அனிலைன் சாயம்; 1860களின் நடுவிலிருந்துதான் வருகிறது. 1852 முத்திரையோடு அது வந்தால் பிற்காலச் சுற்று, அல்லது மேலே பூசிய நிறம்.

பழைய சாயங்கள் ஒவ்வொன்றும் தன் வழியில் கெடும். குசும்பாப் பூச் சிவப்பு வெளிச்சத்தில் வெளுத்து மங்கலான மஞ்சளாகும். த்சுயுகுசா என்ற நீலப்பூவின் சாயம் ஈரம் பட்டாலே ஓடும், நாளடைவில் சாம்பல் பழுப்பாகும். இரண்டையும் கலந்து செய்த ஊதா முதலில் பழுப்பாகும். பெண் வேட நடிகரின் நெற்றியில் மழித்த இடத்தை மறைக்கும் ஊதாத் துணி பல அச்சுகளில் இன்று தேநீர்க் கறை போல இருப்பது இதனால்தான். ஈயச் செந்தூர ஆரஞ்சு காற்றிலுள்ள கந்தகத்தால் கறுக்கும். அதை அழுக்கு என்று துடைக்கப் போகாதீர்கள். அரிதார மஞ்சள் ஆர்சனிக் கலந்தது, விரலால் தேய்க்க வேண்டாம். எல்லா நிறமும் ஒரே அளவுக்குப் பளிச்சென்று இருப்பது, பழமைக்காகத் தாள் முழுவதும் ஒரே சீராகப் பழுப்பேறியிருப்பது, இரண்டுமே சந்தேகத்துக்கு இடம். உண்மையான வெளுப்பு ஒழுங்கில்லாமல் இருக்கும். சட்டத்துக்கு அடியில் மறைந்திருந்த ஓரத்தில் பழைய நிறம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

---

ஏடுபுரட்டி

பின்புறத்தில் வளைவுத் தடங்கள் இருக்கின்றன, நீலம் பின்னால் வரை ஊறியிருக்கிறது. இடது ஓரத்தில் மூன்று சிறு துளைகளும் உண்டு. முடி இழைகள் பெரும்பாலும் தனித்தனி, காதோரத்தில் மட்டும் சில ஒட்டியிருக்கின்றன. அட்டைத் துண்டை எடுக்கலாமா? சுவரில் மாட்டலாமா?

---

சாயக்கிண்ணம்

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் காலத்துக்கு உரிய அச்சு, ஆனால் முதல் சுற்றில் வந்ததல்ல, கட்டை கொஞ்சம் உழைத்த பிறகு எடுத்தது என்றே தோன்றுகிறது. அருங்காட்சியகப் பிரதியோடு கோடு கோடாக ஒப்பிட்ட பிறகு உறுதியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அட்டையைத் தண்ணீரில் நனைத்து எடுக்காதீர்கள். தாளில் பூசிய விலங்குப்பசையும் படிகாரமும் இத்தனை ஆண்டில் பலமிழந்திருக்கும். ஒரு சொட்டு ஈரம் போதும், அதன் விளிம்பில் பழுப்பு வளையம் விழும், நீலமும் ஊதாவும் ஓடும். உலர்ந்த நிலையில் இழுத்தால் கோசோ நார் அட்டையோடு போய் மூலை மெலிந்துவிடும். அட்டை தாளை இழுத்துச் சுருக்காமல் இருந்தால் அப்படியே விடலாம். சுருக்கினால், அட்டையின் பெரும்பகுதியை மட்டும் கூரான கத்தியால் அடுக்கடுக்காகச் சீவி மெலிதாக்கலாம். அச்சைத் தொடும் கடைசி அடுக்கைத் தாள் பாதுகாப்பு வல்லுநரிடம் விட்டுவிடுங்கள்.

மாட்டுவதென்றால் அமிலமற்ற பருத்தி அட்டைச் சட்டம், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, அச்சு கண்ணாடியைத் தொடாத இடைவெளி. மெல்லிய ஜப்பானியத் தாளில் கீல் செய்து, கோதுமை மாப்பசையால் மேல் ஓரத்தில் இரண்டே இடத்தில் ஒட்ட வேண்டும். செல்லோடேப் கூடவே கூடாது. வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது. ஆண்டில் இரண்டு மூன்று மாதம் மாட்டிவிட்டு மற்ற நாளில் இருட்டில் படுக்கையாக வையுங்கள். புற ஊதாத் தடுப்பு இருந்தாலும் குசும்பாச் சிவப்பு சாதாரண வெளிச்சத்திலேயே போகும்.

---

கோட்டுக்கட்டை

அந்த மூன்று துளைகளை அடைத்துவிட வேண்டாம். அச்சு முன்பு இருந்த தொகுப்பேட்டின் தடம் அதுதான். அதே இடைவெளியில் துளை உள்ள வேறு தாள் எங்காவது வந்தால், இரண்டும் ஒரே ஏட்டிலிருந்து பிரிந்தவையா என்று பார்க்க அது உதவும். துளைகளுக்கு இடையிலான தூரத்தை மி.மீ. கணக்கில் அளந்து தனித்தாளில் குறித்து வையுங்கள். அச்சின் பின்புறத்தில் பென்சிலால்கூட எழுத வேண்டாம். தாள் மெலிது, அழுத்தம் முன்பக்கம் தெரியும்.